ஒரே கையெழுத்தில் பன்னிரண்டு கூப்பன்

ஞாயிறு மலரின் குறுக்கெழுத்துப் பக்கத்தை இனி நீங்கள் மூவரும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. கட்டம் போடுவது எப்படி என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. கோடு போட்ட தாளில் நான் அழித்து அழித்துச் செய்ததை, நீங்கள் தேத்தண்ணி கலக்கி முடிப்பதற்குள் கணினி செய்துவிடுகிறது. அதற்குத் தெரியாத சங்கதி ஒன்றிரண்டு உண்டு. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். கிள்ளானில் ஒரு மளிகைக் கிடங்கில் சரக்குக் குறிக்கிற வேலை பார்த்தேன். தமிழ் எனக்கு மூட்டை இறக்கியவர்களிடமிருந்து வந்தது. பிறகு பத்திரிகை வேலைக்காகத் தினமும் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் போய் வந்தபோது, பக்கத்து இருக்கைக்காரர்களிடமிருந்து மீதி வந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பேன். காதில் விழுவதை எழுதுவேன்.

சின்னச் சொல்லாகப் பார்த்து எழுதுவேன். பெரிய சொல்லுக்கு ஒரு வேலைதான் இருக்கும். சின்னச் சொல்தான் ஊருக்கெல்லாம் ஓடியாடி வேலை செய்யும். ‘அடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் பாதம், அளவு, பாட்டின் வரி, கீழ்ப்பகுதி என்று வரிசையாக இருக்கும். ரயிலில் கேட்டது வேறு. ஒரு அக்கா, “எறங்குனதும் போன் அடிக்கிறேன்” என்பார். இன்னொருவர், “என்னா வெயில் அடிக்குது பாருங்க” என்று அரைத்தூக்கத்தில் சொல்வார். ஒருவருக்கு லாட்டரியில் நாலு நம்பர் அடித்திருக்கும். ஒருவர் மீன் கூடையோடு ஏறினால் பெட்டி முழுக்க வாடை அடிக்கும். முதலாளியிடம் பேச்சு வாங்கிவந்த ஒருவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “அடியும் இல்ல, பிடியும் இல்ல. வாயாலயே முடிச்சுட்டான்.”

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு திட்டு வாங்கிய பிறகு வந்தது. ஆரம்பத்தில் அகராதியைப் புரட்டி, யாருக்கும் தெரியாத சொல்லாகப் பார்த்துக் கட்டத்தில் வைப்பேன். அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. பந்திங்கிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்.

“ஐயா, அந்த மூணாம் நம்பர் சொல்ல உங்க வீட்டுல யாராச்சும் பேசிக் கேட்டிருக்கீங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப எங்க வீட்டுல மட்டும் எப்படி இருக்கும்?”

வைத்துவிட்டார். அன்றைக்கு அகராதியைத் தள்ளி வைத்தவன்தான். அதன் பிறகு மக்கள் பேச்சு எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அதுதான் சில வருஷங்களுக்கு முன்பு என்னைக் கவிழ்த்தது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அப்போது கூப்பன் பிரிக்கிற வேலையும் என்னுடையதே. எல்லாம் சரியாக எழுதியதை ஒரு பக்கம் வைத்துக் குலுக்கலுக்கு அனுப்புவேன். ஒரே கையெழுத்தில் நாலைந்து கூப்பன் வந்தால் தனியாகக் கட்டி ஒதுக்குவேன். ஒரே ஆள் அண்ணன் பெயரிலும் தம்பி பெயரிலும் எழுதி அனுப்புவது எல்லாக் காலத்திலும் உண்டு. அப்படி ஒதுக்கியவர்களின் பெயரை, வெற்றியாளர் பெயருக்குக் கீழே ‘தகுதி நீக்கம்’ என்று ஒரு சின்னப் பட்டியலாகப் போடுவேன். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான். ஜெயித்தவர் யார் என்பதை விட்டுவிட்டு மாட்டியவர் யார் என்று முதலில் பார்ப்பதாகப் பல பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அதில் ஒரு குஷி இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

அந்த வருஷத் தீபாவளிச் சிறப்புப் போட்டிக்குப் பரிசு ஒரு ரைஸ் குக்கர். மேலிருந்து கீழ், ஏழாம் குறிப்பு: ‘இது இல்லாமல் ஒரு நாள் வேலையும் நகராது.’ இரண்டு எழுத்து. விடை ‘அடி’. எங்கே போவதானாலும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும் அல்லவா, அந்த அர்த்தத்தில் எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். இரண்டாவது எழுத்தான ‘டி’ குறுக்கே போகும் சொல்லில் கிடைத்துவிடும். முதல் எழுத்து எதையும் தொடாமல் தனியாக நின்றது. அப்படி நிற்கும்போது குறிப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். என் குறிப்பு லூசாக இருந்தது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே பன்னிரண்டு கூப்பன், பன்னிரண்டு பெயர், ஒரே கையெழுத்து. இட்லித் தட்டில் ஊற்றிய மாதிரி உருண்டையான, ஒழுங்கான எழுத்து. மற்ற விடையெல்லாம் பன்னிரண்டிலும் ஒன்றே. ஏழாம் நம்பர் மட்டும் மாறி மாறி இருந்தது. நாலில் அடி. இரண்டில் பிடி. இரண்டில் வடி. அப்புறம் ஒவ்வொன்றாக முடி, மடி, குடி, படி.

சிரித்துக்கொண்டேன். ஆள் கில்லாடி, எது சரியென்று தெரியாமல் ஒரே குளத்தில் பன்னிரண்டு தூண்டில் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அதை முடிவு செய்ய எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. உறையின் பின்புறம் அனுப்பியவர் பெயரும் ஒரு முடிதிருத்தும் கடையின் முகவரியும் இருந்தன. பட்டியலில் எழுதினேன்: ‘செந்தில்வேல், பிரிக்பீல்ட்ஸ். ஒரே கையெழுத்தில் பன்னிரண்டு கூப்பன்.’

மலருக்குப் பொறுப்பாக இருந்த அம்மா, “உறுதிதானே அண்ணே?” என்று கேட்டார். “கையெழுத்தைப் பாருங்கம்மா” என்றேன். பார்த்தார். தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வெளியானது. திங்கள் காலையில் போன்.

“வணக்கம் சார். குறுக்கெழுத்து போடுற சார்ங்களா?”

“ஆமா, சொல்லுங்க.”

“நான் துரைராசு சார். பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கேன், பெயிண்டர். நேத்து பேப்பர்ல எங்க ரூம் செந்தில்வேல் பேரு வந்திருக்கு.”

இப்படிப்பட்ட போன் எனக்குப் புதிதல்ல. சத்தம் போடுவார்கள், இல்லையென்றால் கெஞ்சுவார்கள். இரண்டுக்கும் பதில் வைத்திருப்பேன். அவர் இரண்டும் செய்யவில்லை.

“அவன் எங்க பேர வெச்சு வெளையாடிட்டானா சார்?”

“புரியலயே.”

“நாங்க பன்னெண்டு பேரு ஒரே ரூம் சார். ஊர்லருந்து வேலை பர்மிட்ல வந்தவங்க. எனக்கு எழுத வராது. பாதிப் பேருக்கு வராது, வர்றவனுக்கும் கட்டத்துக்குள்ள அடக்கி எழுத வராது. அவன்தான் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டுக் கேட்டு எழுதுனான். எழுதுற மாதிரி எழுதிட்டு உள்ள வேற என்னமோ பண்ணிட்டானோன்னு... பேப்பர்லயே அச்சடிச்சிருக்கீங்க. தப்பா இருக்காதுல்ல சார்?”

அவரே தொடர்ந்தார்.

“எங்க எல்லார் பாரமும் அவன்கிட்டதான் இருக்கும் சார். பேங்க் பாரம், கிளினிக் பாரம், எல்லாம் அவன்தான் நெரப்புவான். நேத்தே திருப்பி வாங்கிட்டோம். வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற ரூம் பாத்துக்கன்னு சொல்லிட்டோம்.”

“அவர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. சரின்னான்.”

ஒதுக்கிய கட்டைக் கையில் எடுத்தேன். “ஏழாம் நம்பருக்கு நீங்க என்ன சொன்னீங்க துரைராசு?”

“அடி.”

அவர் பெயர் போட்ட கூப்பனில் அடி என்றுதான் இருந்தது. “ஏன் அடி?” என்று கேட்டேன்.

“பெயிண்ட் அடிக்கலன்னா எனக்கு ஏது சார் வேல?”

போனை வைத்ததும் நான் முதலில் செய்த காரியத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். போட்டி விதியில் ‘கைப்பட எழுத வேண்டும்’ என்று எங்காவது அச்சிட்டிருக்கிறோமா என்று தேடினேன். இருந்தால் தப்பித்துவிடலாம். அடியிலிருந்து நுனிவரை தேடினேன், இல்லை. தப்பு செய்தவன் முதலில் தேடுவது கதவைத்தான்.

மறுநாள் மதியம் அந்தக் கடைக்குப் போனேன். நாலு நாற்காலி. ஒன்று காலியாக இருந்தது. செந்தில்வேல் யார் என்று கேட்டு, அவர் கையில் வேலை முடியும்வரை காத்திருந்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள்.

“எப்படிண்ணே வெட்டணும்?”

“இருக்கிறதே கொஞ்சம். பாத்துச் செய்ங்க.” துணியை என் கழுத்தில் கட்டினார். கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னேன்: “தம்பி, குறுக்கெழுத்து போடுறவன் நான்தான்.”

கத்தரி நின்றது. பிறகு ஓடியது. “தலையக் கொஞ்சம் குனிங்க” என்றார்.

துரைராசு பேசியதைச் சொன்னேன். தப்பு என்னுடையது போலத் தெரிகிறது என்றேன். கேட்டுக்கொண்டே வெட்டினார். பிறகு எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

“வடின்னு ரெண்டு பேரு சொல்லியிருக்காங்க. எழுதுறப்பவே தப்புன்னு தெரியலயா?”

“தெரிஞ்சுச்சு. சமையல்கார முருகையா அண்ணன். சோறு வடிக்கலன்னா நாள் ஓடாதுன்னாரு. அவரு கைக்கு உதவியா இருக்கிறவனும் அதையே சொன்னான்.”

“உங்க கூப்பன்ல அடின்னு சரியாத்தான் இருக்கு. அதையே அவங்களுக்கும் எழுதியிருக்கலாமே.”

“அது என் கூப்பன். நான் மெஷின் அடிக்கிற ஆளு, எனக்கு அடின்னு தோணுச்சு. அது அவரு கூப்பன்ணே.” என் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். “பேங்க் பாரத்துல அவரு ஒரு பொறந்த தேதி சொல்றாரு. அதுல நான் எனக்குத் தோணுனத எழுதலாமா? ஒரு வாட்டி எழுதிட்டா அப்புறம் எவன் என்கிட்ட வருவான்?”

“இத அவங்ககிட்டச் சொல்றதுதானே.”

“பேப்பரப் பாத்துட்டாங்க. பேப்பர் ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா, நான் சொல்றதா நிக்கும்?”

இருபத்து நாலு வருஷம் குறிப்பு எழுதியிருக்கிறேன். ஒருவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் நோட்டுப் புத்தகத்திலேயே பல இடத்தில் கொஞ்சம் அழகுபடுத்தித்தான் எழுதியிருக்கிறேன். அவர் தப்பென்று தெரிந்தும் வடியை வடியாக எழுதினார். அந்த நேர்மையைத்தான் நான் தூண்டில் என்று படித்தேன்.

அவர்கள் அறை கடைக்கு மேல்மாடியில். அன்று மாலை வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து மாடிக்குப் போனேன். எட்டு பேர் இருந்தார்கள். செந்தில்வேல் கீழே கடையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. நான் யாரென்று சொல்லி, கூப்பன்களைக் காட்டாமல் என் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கேட்டேன், ஏழாம் நம்பருக்கு என்ன சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள் என்று.

டைல்ஸ் ஒட்டுகிறவர் அடி என்றார். “ரெண்டடிக்கு ரெண்டடி கல்லு சார். அடிக்கணக்கு தப்பினா செவுரே கோணிக்கும்.” லோரியில் உதவியாளராகப் போகிறவரும் அடி என்றார். “பின்னால நின்னு நான் ரெண்டு தட்டுத் தட்டி அடிச்சாத்தான் டிரைவர் வண்டிய எடுப்பாரு.” லாண்டரிக்காரர் மடி. மூட்டை தூக்குகிறவர் பிடி. குடி என்று எழுதச் சொன்னவர் எழுந்திருக்கவே தயங்கினார்.

“சொல்லுடா, சாருக்கிட்ட சொல்லு” என்றார் முருகையா. “அது இல்லன்னா இவனுக்கு மறுநாள் வேல நகராது சார். உண்மையத்தான் எழுதியிருக்கான்.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கட்டத்தில் தனியாக நின்ற அந்த முதல் எழுத்தில் ஒவ்வொருவரும் தன் தொழிலைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அடி என்று எழுதிய நாலு பேருமே நாலு வேலையைச் சொன்னார்கள். நான் நினைத்த அர்த்தம் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூப்பன்களைத் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் பெயரில் அப்படியே இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள்.

கூப்பன்கள் கைமாறி என்னிடமே திரும்பி வந்தன. பிறகு முருகையா சொன்னார்: “நீங்க சொல்றீங்க சார், சரி. ஆனா பேப்பர்ல வேற மாதிரியில்ல இருக்கு.”

மூலையிலிருந்து ஒருவர், “அவன் போய் அழுதிருப்பான். சார் பாவம் பாத்து வந்திருக்காரோ என்னமோ” என்றார்.

கண்ணால் பார்த்த பிறகும் அச்சுக்குத்தான் மதிப்பு. அந்த மதிப்பில்தான் நாம் எல்லோரும் சாப்பிடுகிறோம். அதனால் வியாழன் மதியம் பக்கத்தை மூடி அனுப்புவதற்குள் அச்சிலேயே சரிசெய்தாக வேண்டும்.

புதன்கிழமை பொறுப்பாசிரியர் அம்மாவிடம் போனேன். அவருக்குப் பிடிக்கவில்லை. “குறுக்கெழுத்துக்கெல்லாம் திருத்தம் போட ஆரம்பிச்சா, கட்டத்துக்கு ஒரு ஆள் வாசல்ல வந்து நிப்பாங்கண்ணே. ஆசிரியர் முடிவே இறுதியானதுன்னு எதுக்குப் போடுறோம்?” என்றார். ஆனாலும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: ‘சென்ற வாரம் ஒரு வாசகரின் பெயர் தவறுதலாக இடம்பெற்றமைக்கு வருந்துகிறோம்.’

“இதுல யார் தப்புன்னு இல்லயேம்மா. யாரோட பேருன்னும் இல்ல. இத அந்த ரூம்ல படிச்சா என்ன நெனப்பாங்க? கெஞ்சி எடுக்க வெச்சுட்டான்னுதான் நெனப்பாங்க.”

அவர் அந்த உறையைக் கையில் எடுத்துத் திருப்பினார். “பன்னெண்டும் இதுக்குள்ளயா வந்துச்சு?”

“ஆமா.”

“பின்னால பேரு, கடை அட்ரஸ் எல்லாம் எழுதி?”

“ஆமாம்மா.”

“ஏமாத்துறவன் இப்படியாண்ணே அனுப்புவான்? பன்னெண்டு உறை வாங்கி, பன்னெண்டு எடத்துல தபால்ல போட மாட்டானா? நீங்க யோசிக்கலயா?”

“யோசிக்கல.”

உறையை மேஜையில் வைத்தார். “நானும் அன்னிக்கு இந்த உறையக் கேட்டுப் பாக்கல” என்றார். விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவைத்தார். “நீங்களே எழுதுங்க.”

நான் எழுதியது இதுதான். அதே பெட்டி, அதே எழுத்தளவு: ‘சென்ற வாரம் தகுதி நீக்கப் பட்டியலில் வந்த பிரிக்பீல்ட்ஸ் செந்தில்வேல் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் அனுப்பிய கூப்பன்கள் பன்னிரண்டு பேர் தனித்தனியாகச் சொல்ல, அவரவர் சொன்னபடியே அவர் எழுதித் தந்தவை. நேரில் விசாரித்து உறுதி செய்தோம். ஏழாம் குறிப்பை ஏழு விடை பொருந்தும்படி எழுதியதும், விசாரிக்காமல் பெயரை அச்சிட்டதும் குறுக்கெழுத்து அமைப்பாளரின் பிழைகள்.’ கீழே என் முழுப்பெயர்.

ஒரு மாதத்துக்குக் கிண்டல் கடிதம் வந்தது. அலுவலகத்திலும் மேலிடத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். தகுதி நீக்கப் பட்டியலை அந்த வாரத்தோடு நிறுத்தினேன். கூப்பனில் ‘எழுதித் தந்தவர்’ என்று இன்றும் ஒரு கோடு இருக்கிறதே, அது அடுத்த வாரம் சேர்த்தது. குக்கர் வேறொருவருக்குப் போய்விட்டது. அதைப் பற்றி அந்த அறையில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சந்தேகமாகத் தெரிகிற கூப்பன் வரும்போது எழுந்து போய் ஆளைப் பாருங்கள். பக்கம் மூடுமுன் அதற்கு நேரமில்லை என்றால் பெயரைப் போடாதீர்கள். திருத்தம் எழுத நேர்ந்தால் அதில் ஆள் இருக்கட்டும், முதலில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

செந்தில்வேல் வேறு அறை பார்க்கக் கெடு வைத்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. திருத்தம் வந்துவிட்டது, அது போதுமா என்று தெரியவில்லை. பதினொரு மணிவாக்கில் கடைக்குப் போனேன். வெட்டுவதற்குத் தலையில் ஒன்றுமில்லை, சும்மா பெஞ்சில் உட்கார்ந்தேன். நல்ல கூட்டம். பெஞ்சின் மேல் ஞாயிறு மலர் குறுக்கெழுத்துப் பக்கத்தில் மடித்துக் கிடந்தது. செந்தில்வேல் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

முருகையா உள்ளே வந்தார். உணவகத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், இடுப்பில் ஏப்ரன் இருந்தது. கையில் சுருட்டிய தாள். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

“கிளினிக் பாரம். நாளைக்குக் குடுக்கணும்.”

செந்தில்வேல் கையிலிருந்த வேலையை முடித்து, ஆளை அனுப்பி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு முன்னால் இருந்த சீப்பு, பவுடர் டப்பாக்களை ஒதுக்கித் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

“பேரு?”

“என்னடா புதுசா கேக்குற. தெரியாதா ஒனக்கு?”

“நீங்க சொல்லுங்க.”

முருகையா பெஞ்சில் இருந்த எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் நிதானமாகச் சொன்னார். செந்தில்வேல் எழுதினார். பிறந்த தேதி கேட்டார், எழுதினார். பாஸ்போர்ட் நம்பரைக் கேட்டு, எழுதிய பிறகு ஒருமுறை திருப்பிப் படித்தார். முருகையா ஒவ்வொரு எண்ணுக்கும் தலையாட்டினார்.

தாளை வாங்கி மறுபடி சுருட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

“மதியத்துக்கு மீன் கொழம்பு வெச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள மேல வந்து சாப்புடு.”